பெங்களூருவின் குளிர்காலமும் பாப்பி மலர்ச் செடியும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூரு நகருக்கு இயற்கை அளித்துள்ள செல்வங்களுள் அதன் குளிர்காலமும் ஒன்றாகும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு வெப்பநிலை சராசரியாக 15 அல்லது 16 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறங்குகிறது. பகலில் அது சராசரியாக 27 அல்லது 28 டிகிரி அளவில் நிற்கிறது. 1884 ஜனவரி 13-ஆம் நாள் இந்நகரில் 7.8 டிகிரி பதிவாயிற்று எனினும் அது விதிவிலக்கே. உறைபனி என்பதை இந்நகர் அறியாது. ஐரோப்பிய நாடுகளில் வசந்த காலத்தின் பிற்பகுதியில் நிலவும் தட்பவெப்பம் இங்கு மார்கழியில் நிலவுகிறது என்று கூறினால் அது பெரும்பாலும் பொருந்தும்.

1809-இல் இங்கு ராணுவக் குடியிருப்பு அமைந்த பிறகு, ஆங்கிலேயர் தம் பங்களாத் தோட்டங்களில் தம் நாட்டு ஓராண்டுப் பூச்செடிகளை வளர்க்க முற்பட்டமைக்கு இதுவே காரணம். பெட்டூனியா, பான்சி, ஃப்ளாக்ஸ், லார்க்ஸ்பர் போன்ற செடிகள் இவ்வாறு இங்கு வேரூன்றின. இவ்வரிசையில் மிகக் குறைந்த செலவில் வளர்க்கத்தக்கதும், அதே சமயம் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் பாப்பிச் செடியே. தோட்டத்தில் வளர்க்கத்தக்க பாப்பி எது, சட்டம் தடுக்கும் பாப்பி எது என்ற வேறுபாட்டை அறியாது விதைப்பவர் பெரும் இடருக்கு உள்ளாகக்கூடும்.

விதையின் இயல்பு

தோட்டங்களில் பெரிதும் விரும்பப்படுவது ஷெர்லி பாப்பி என்னும் வகை. ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் களையாக வளரும் சிவப்புப் பாப்பியிலிருந்து இது தோன்றியது. இங்கிலாந்தின் ஷெர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இதழோரம் வெண்மையாக இருந்த ஒரே ஒரு காட்டுச் செடியைக் கண்டு, அதன் விதைகளைப் பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து விதைத்து இவ்வகையை உருவாக்கினார்.

இதன் விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கான விதைகள் அடங்கும். இத்தகைய விதை மண்ணுக்குள் ஆழ்ந்துவிட்டால் முளைப்பதில்லை; வெளிச்சம் கிடைக்கும்வரை பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளால் உழப்பட்ட பிளாண்டர்ஸ் நிலங்களில் திடீரெனப் பாப்பி மலர்கள் பரவியதன் காரணம் இதுவே. இரண்டாவதாக, ஈரமான குளிர் இவ்விதையின் உறக்கத்தைக் கலைக்கிறது. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்திலோ, பனி படர்ந்த தரையின் மீதோ விதையைத் தூவிவிட்டு வசந்தம் வரை காத்திருக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

பெங்களூருவில் அத்தகைய கடுங்குளிருக்கு இடமில்லை; அதற்குத் தேவையும் இல்லை. பல தலைமுறைகளாகத் தோட்டத்தில் பயிராகிவந்த வகைகளில் விதையுறக்கம் குறைவு. மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் 10 முதல் 15 நாட்களில் முளை தோன்றும். வெப்பம் மிகுந்தால் முளைப்பு குன்றும். ஆகவே விதைப்புக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இதன் வெற்றி தோல்வி அடங்கியுள்ளது.

விதைப்புக் காலம்

பெங்களூருவில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகுந்த மாதங்கள். விதைத்த பாத்தியில் ஒரே ஒரு கனமழை பெய்தாலும் நுண்ணிய விதைகள் ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படும். தப்பிய நாற்றுகள் அழுகல் நோய்க்கு இரையாகும். மழை முற்றிலும் ஓய்ந்தபின் விதைக்கலாம் என்று டிசம்பர் வரை காத்திருந்தால், செடி வளர்ச்சியடைவதற்குள் மார்ச் மாத வெயில் வந்துவிடும். விதைத்து மலர்வதற்கு 75 முதல் 90 நாட்கள் தேவைப்படுகின்றன. எனவே, உகந்த காலம் அக்டோபர் இறுதி வாரத்திலிருந்து நவம்பர் மூன்றாம் வாரம் வரையிலான குறுகிய இடைவெளியே.

இவ்விடைவெளியிலும் எந்த நாள் மழை பெய்யும் என்று முன்கூட்டி அறுதியிட இயலாது. விதையை மூன்று பங்காகப் பிரித்து, பத்து நாட்களுக்கு ஒரு பங்காக விதைப்பதே அறிவுடைமை. ஒரு விதைப்பு பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். விதையின் விலை அற்பம். இழந்த பருவத்தை மட்டும் அடுத்த ஆண்டுவரை திரும்பப் பெற முடியாது.

நகரின் செம்மண் நீரை நன்கு வடியவிடும். எனினும் மழைக்குப் பின் மேற்பரப்பு இறுகிப் பொருக்குத் தட்டும் குறை அதற்குண்டு. மணலும் மக்கிய இலை உரமும் கலந்து இதைத் தவிர்க்கலாம். பாத்தியை முதலில் நன்கு நனைத்து, விதையை இருபது பங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவி, ஒரு பலகையால் மெல்ல அழுத்திவிட வேண்டும். மேலே மண் இட்டு மூடலாகாது. முளைக்கும்வரை பூவாளியின் நீரும் வேகம் மிகுந்ததே; பாத்தியின் ஓரத்தில் சிறு வாய்க்கால் எடுத்து நீர் ஊறவிடுவது நல்லது. நாற்று விரல் உயரம் வந்ததும் செடிக்குச் செடி 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாறு ஏனையவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். பெரும்பாலான தோட்டக்காரர்களுக்கு இதற்கு மனம் வருவதில்லை. பிடுங்கியவற்றை வேறிடத்தில் நட்டுப் பார்ப்பதும் வீண் உழைப்பே. இச்செடியின் ஆணிவேர் ஊறுபட்டால் செடி தேறுவது அரிது.

காட்சியில் இடம்பெறாத மலர்

18-ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியால் தொடங்கப்பட்ட லால்பாக் தோட்டத்தில், குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இரு மலர்க் காட்சிகள் நடைபெறுகின்றன. கண்ணாடி மாளிகையில் அணிவகுக்கும் மலர்கள் பெரும்பாலும் தொட்டிகளில் வளர்க்கப்பட்டு, பூக்கும் தருணத்தில் கொண்டுவந்து வைக்கப்படுபவை. வேரை அசைக்க ஒவ்வாத பாப்பிக்கு இம்முறை பொருந்தாது. அதன் ஒவ்வொரு பூவும் ஓரிரு நாட்களில் இதழ் உதிர்ப்பது மற்றொரு குறை. ஆகவே இம்மலர் வீட்டுத் தோட்டத்தோடு நின்றுவிட்டது.

விதைத் தொழிலிலும் இதே நிலை காணப்படுகிறது. 1965-இல் மன்மோகன் அத்தாவர் பெங்களூருவில் இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து, கலப்பின விதை உற்பத்தியில் இந்நகர் சிறப்பிடம் பெற்றது. பெட்டூனியாவின் விதையும் பாப்பி விதையைப் போல நுண்ணியதே. ஆயினும் அதன் கலப்பின விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் சேர்க்கும் பணி பலருக்கு வேலை அளிக்கிறது. ஷெர்லி பாப்பிக்கோ தேனீக்களே போதும். ஒருமுறை விதைத்தவர் தமது விதையைத் தாமே சேர்த்துக்கொள்ளலாம். வாங்குவோருக்கு இலாபமாக அமையும் இப்பண்பே விற்போரை விலகி நிற்கச் செய்கிறது. 1988-ஆம் ஆண்டின் புதிய விதைக் கொள்கை மலர் விதை இறக்குமதியை எளிதாக்கிய பின்னர், வெளிநாட்டு விதைப் பொட்டலங்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின.

சட்டத்தின் எல்லை

இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சமையலறையில் உள்ள கசகசா, அபினிப் பாப்பியின் விதையே. கர்நாடகத்தில் கசகசாப் பாயசம் விருந்துக்குரிய பண்டம். அவ்விதையை வைத்திருப்பதும் உண்பதும் குற்றமல்ல. போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985, அபினிச் செடியின் மற்றப் பகுதிகளைக் கட்டுப்படுத்தும்போது விதைக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் அதே விதையைப் பாத்தியில் தூவிப் பயிரிட்டால் அது உரிமம் இல்லாத அபினிச் சாகுபடி ஆகிவிடும். இதற்குப் பத்து ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அழகுக்காக வளர்த்ததாகக் கூறுவது உரிமத்துக்கு ஈடாகாது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே, குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் போதைப் பொருள் துறையின் உரிமத்தோடு இச்சாகுபடி நடைபெறுகிறது.

அலுவலர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. சட்டவிரோதச் சாகுபடி பற்றி அறிந்தும் தகவல் தராதிருப்பது, 46-ஆம் பிரிவின்படி நில உடைமையாளருக்கும், 47-ஆம் பிரிவின்படி அரசு அலுவலருக்கும் கிராம அதிகாரிக்கும் தண்டனைக்குரியதாகும். ஆகவே செடியை இனங்காணும் திறன் அவசியம். அபினிச் செடியின் இலைகள் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், வழுவழுப்பாக, அடிப்பகுதி தண்டைத் தழுவியவாறு இருக்கும், காய் பெரியது. ஷெர்லி பாப்பியின் இலைகள் ஆழமாகப் பிளவுபட்டவை; தண்டிலும் இலையிலும் சொரசொரப்பான மயிர்கள் காணப்படும்; காய் விரல் நுனியைவிடச் சிறியது; அதில் மார்ஃபின் இல்லை. வெளிநாட்டு விதைப் பட்டியல்களில் பியோனி பாப்பி என்ற பெயரில் வரும் அடுக்கு மலர் வகைகள் அபினி இனத்தைச் சேர்ந்தவையே. பொட்டலத்தின் மீதுள்ள படத்தை நம்பாமல், தாவரவியல் பெயரைப் படித்தறிவது நன்று: ‘பபாவர் ரீயாஸ்’ என்பது தோட்டத்துக்கு உரியது, ‘பபாவர் சோம்னிஃபெரம்’ என்பது அபினிக்கு உரியது.

விதை சேகரிப்பு

மார்ச் மாதத்தில் காய் பழுப்பு நிறம் அடைந்து, அதன் மூடியின் கீழ் சிறு துளைகள் திறக்கின்றன. காற்று அசைத்தால் உப்புக் குடுவையிலிருந்து உப்பு சிந்துவது போல விதை சிந்தும். துளை திறக்கும் தறுவாயில் காய்களைக் காம்போடு அறுத்து, தலைகீழாகத் தாள் பையில் இட்டு, நிழலில் ஒரு வாரம் உலர்த்தினால் விதை தானே உதிரும். ஈரமற்ற இடத்தில் வைத்தால் அடுத்த நவம்பருக்கு அது பயன்படும். பையின் மேல் இனத்தின் பெயரையும் ஆண்டையும் உடனே எழுதிவிட வேண்டும். உதிர்ந்த விதையை வெறுங்கண்ணால் பார்த்து எந்தப் பாப்பி என்று சொல்வது பழகியவர்களுக்கும் கடினம்.