மூன்று கிரவுண்டு மனையில் ஒரு பழைய வீடு

மயிலாப்பூர், கீழ்ப்பாக்கம், தியாகராய நகர், அடையாறு காந்தி நகர் என்று சென்னையின் பழைய பகுதிகளில் தோட்டமும் கிணறுமாக ஒரு தனி வீடு விலைக்கு வந்தால், புரோக்கர் சொல்லும் முதல் வார்த்தை: "வீட்டைப் பார்க்காதீங்க சார், இடத்தைப் பாருங்க." வாங்க வருகிறவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். சுவரில் விரிசலைக் கண்டால் கலங்குகிறார்கள், முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் நிம்மதி அடைகிறார்கள். பயப்பட வேண்டிய இடமும் நம்ப வேண்டிய இடமும் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. விரிசலுக்கு மேஸ்திரி இருக்கிறார். விட்டுப்போன ஒரு வாரிசுக்கு நீதிமன்றம்தான் இருக்கிறது. ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்குகிற குடும்பங்கள் இந்த நம்பிக்கைகளாலேயே சிக்கிக்கொள்வதால், ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: "முப்பது வருஷத்துக்கு ஈ.சி. போட்டுப் பார்த்தாச்சு. வில்லங்கமே இல்லை."

ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்றிதழ், சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறியதை மட்டுமே காட்டும். ஏறாதது எதுவும் அதில் வராது. உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்லவில்லை. ஆகவே பீரோவில் இருக்கும் உயில் அதில் தெரியாது. வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினையும் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது. தாத்தா 1958இல் கிரயம் வாங்கி, 1981இல் காலமாகி, அதன்பின் யாரும் எதையும் பதியாமல் மூத்த மகன் குடும்பம் அங்கேயே இருந்துவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டின் சான்றிதழ் வெள்ளைத்தாளாகவே வரும். வில்லங்கம் இல்லாததால் வந்த வெண்மை இல்லை அது. நாற்பது வருடமாக யாரும் பத்திர அலுவலகத்துக்குப் போகவில்லை என்பதையே அது காட்டுகிறது.

முப்பது வருடம் என்பதும் போதாது. மூலப்பத்திரத்தின் தேதியிலிருந்தே போட வேண்டும். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு நேரில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லைகள் காலப்போக்கில் பிரிக்கப்பட்டவை என்பதால், இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடுவது அரைத்தேடல்தான். அந்தத் தெரு முன்பு எந்த அலுவலகத்தின்கீழ் இருந்ததோ அங்கேயும் தேட வேண்டும். அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. நகல் மட்டும் காட்டினால், அசல் எந்த வங்கியில் அடமானமாக இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே சீர் செஞ்சு அனுப்பியாச்சு. அவங்களுக்குப் பங்கு கிடையாது."

பழைய வீட்டு விற்பனைகளை நான் அறிந்தவரை அதிகம் கெடுப்பது இந்த ஒரு வாக்கியம்தான். தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் இறந்தவரின் தாயாருக்கும் சமபங்கு. மணமானவரா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. பரம்பரைச் சொத்து என்றால், தமிழ்நாடு 1989இலேயே பெண்களைக் கூட்டுக்குடும்பப் பங்காளிகளாக்கியது, அப்போது மணமாகியிருந்தவர்களைத் தவிர. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும்.

அதனால் அக்கா, தங்கை, காலமான சகோதரியின் பிள்ளைகள் உட்பட எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் பங்கை அவருக்குத் தெரியாமல் நாம் வாங்குவது சரியில்லை.

நம்பிக்கை: "பட்டா அவர் பேரில் இருக்கு, வேறென்ன வேணும்?"

பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. உரிமையைத் தருவது பத்திரத் தொடர்ச்சிதான். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற கோயிலைச் சுற்றிய பகுதிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே பல வீடுகளில் கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது. பழைய பத்திரத்தில் சொத்து விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். "மேல்கட்டடம் மட்டும்" என்றோ, அடிமனை வாடகை என்றோ ஒரு சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். அறநிலையத் துறைச் சட்டம் 1959இன் 34ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றது செல்லாது. நிலத்தைக் குடியிருப்பவரே விலைக்குக் கேட்க வழிசெய்த 1921 ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டமும், 1996 திருத்தத்துக்குப் பின் சமய நிறுவன நிலங்களுக்குப் பொருந்தாது.

நம்பிக்கை: "மூணு கிரவுண்டு, 7,200 சதுர அடி. கண்ணை மூடிக்கிட்டு 14,400 அடி கட்டலாம்."

2019 ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 என்பது உண்மைதான். ஆனால் அது உச்சவரம்பு. சாலை அகலம், கட்டட உயரம், நான்கு பக்கமும் விட வேண்டிய இடம், கார் நிறுத்தம் எல்லாம் சேர்ந்துதான் உண்மையில் கட்டக்கூடிய அளவு தெரியும். அடையாறு, கூவம் ஆறுகளில் கடல்நீர் ஏறி இறங்கும் பகுதியை ஒட்டிய மனைக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் உண்டு.

அதற்கும் முன்னால், 7,200 அடி தரையில் இருக்கிறதா? பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கெல்லை விவரத்தில்) எழுதியிருக்கும் அளவையும் நகர நில அளவைப் படத்தையும் வைத்துக்கொண்டு சர்வேயரை நாடாவோடு வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள். பின்பக்கச் சுவர் இரண்டடி உள்ளே இருக்கிறது, சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் கழிவறை கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிப்படும். அவர் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் உரிமை கொண்டாடி அனுபவித்திருந்தால், அந்தத் துண்டு நிலத்தைப் பிறகு மீட்பது எளிதில்லை.

நம்பிக்கை: "எழுபது வருஷத்து வீடு, இடிக்கத்தான் லாயக்கு."

எனக்கு மனசு பொறுக்காத பேச்சு இது. மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடுகளை அருகே போய்ப் பார்த்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமான சட்டங்கள், சட்டங்களின்மேல் மெல்லிய தளச்செங்கற்களைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிடித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், மேலே தட்டோடு. மழைநீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் தலைமுறைகள் தாங்கும்.

அதன் பலவீனம் ஒரே இடத்தில் இருக்கிறது. உத்திரமும் சட்டமும் சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரம் தங்கும். ஏணி போட்டு ஏறி, அந்த முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தேக்கு உறுதியாக இருந்தால் நுனி வழுக்கும். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. கரையான் ஏறிய மண்கோடு சுவரில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மாடியில் தூம்பு அடைத்திருந்தால் அதற்கு நேர் கீழே உள்ள சட்டத்தை முதலில் பாருங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓதம் உள்ளேயே நிற்கும். அந்தப் பூச்சை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினால் சுவர் காய்ந்துவிடும்.

என் கணிப்பில், அதிகம் பயப்பட வேண்டியது அதைவிட இளைய 1970, 80களின் கான்கிரீட் வீடுகளை. கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட் மூடாத இடங்களில் கடற்காற்றின் உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உப்பிக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சன்ஷேடு, பால்கனி, குளியலறைக்கு மேலுள்ள கூரை ஆகியவையே முதலில் போகும். விற்பதற்கு முன் பூசிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். சிறு சுத்தியலால் தட்டினால் பொள்ளல் ஓசை காட்டிக்கொடுக்கும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துச் சென்றால், கான்கிரீட்டைச் சிறிது கொத்திப் பினாப்தலீன் கரைசல் தெளித்துப் பார்ப்பார். இளஞ்சிவப்பானால் கம்பிக்குக் காவலான காரத்தன்மை இன்னும் இருக்கிறது என்று பொருள். நிறமே மாறாவிட்டால் அந்தக் காவல் போய்விட்டது.

விரிசலிலும் வகை உண்டு. பூச்சில் வலை மாதிரி ஓடுவது மேற்பூச்சோடு போகும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது அஸ்திவாரம் இறங்குவதன் அறிகுறி. தியாகராய நகரின் பெரும்பகுதி 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவானது. இப்படிப்பட்ட ஏரிக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். சாய்வு விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். உடைந்தால் வீடு இன்னும் நகர்கிறது.

நம்பிக்கை: "இந்தத் தெருவில் தண்ணி நின்னதே இல்லை."

பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், பல தெருக்களில் வீட்டின் தரை சாலையைவிடத் தாழ்ந்துவிட்டது. வாசலில் நின்று இரண்டு மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று எதிர்வீட்டுப் பாட்டியிடமோ தெருமுனை இஸ்திரிக்காரரிடமோ கேளுங்கள். விற்பவரைவிட அவர்கள் நேராகச் சொல்வார்கள்.

நம்பிக்கை: "ஒரு சதவீதம் வரி பிடிச்சுக் கட்டிட்டா போதும்."

விற்பவர் இந்தியாவில் வசிப்பவர், விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் சரி. இந்தப் பழைய வீடுகளின் வாரிசுகளில் ஒருவராவது அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவருடைய பங்குக்கு அந்த 1 சதவீதம் பொருந்தாது. மூலதன ஆதாய வரிக்கான விகிதத்தில் பிடிக்க வேண்டும், அது பல மடங்கு கூடுதல். குறைத்துப் பிடித்தால் வருமான வரித் துறை கேட்பது வாங்கியவரிடம். ஆகவே விலை பேசும்போதே ஒவ்வொருவரும் எங்கே வசிக்கிறார் என்று கேட்டு ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவரும் முடிந்துவிடும் என்பதால், பத்திரம் பதியும் நாளன்று வீடியோ அழைப்பிலாவது அவரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.