எடை போட்டது எதனை?

ராஜபாளையத்தில் ஒரு மாணவர், பெட்டியில் உள்ள எஃகுக் குண்டுகளின் அடர்த்தியைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்முறையை ஆங்கிலத்தில் எழுதி, அதே போன்ற பெட்டியும் குண்டுகளும் வைத்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பருக்கு அனுப்புகிறார்:

'தி பால்ஸ் வேர் டேக்கன் அவுட் ஆஃப் தி பாக்ஸ், அண்டு இட் வாஸ் வெய்டு.'

குண்டுகளை வெளியே எடுத்து எடை போட்டேன் என்பதே அவர் சொல்ல வந்தது. நண்பரோ குண்டுகளை எடுத்துவிட்டுப் பெட்டியை எடை போட்டார்! குண்டுகளின் நிறை 78 கிராம்; பெட்டியின் நிறை 39 கிராம். குண்டுகளின் பருமன் 10 கன செ.மீ. எனவே முதல்வருக்கு அடர்த்தி 7.8, எஃகுக்கு ஏற்ற விடை. நண்பருக்கு 3.9.

தவறு யாருடையது? 'இட்' என்பது ஒருமை. வாக்கியத்தில் ஒருமையாக இருப்பது பெட்டி மட்டுமே. நண்பர் சரியாகத்தான் படித்தார். 'தே வேர் வெய்டு' என்று எழுதியிருக்க வேண்டும்.

இத்தவறு ஏன் நேர்கிறது? 'தே' என்றால் 'அவர்கள்' என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். குண்டுகளை 'அவர்கள்' என்பதா என்று கை தயங்குகிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'தே' என்பது 'அவர்கள்', 'அவை' இரண்டுக்கும் பொது. மேலும், 'அணில்கள் ஓடுகின்றன' என எழுத வேண்டிய நாம், பேசும்போது 'அணிலெல்லாம் ஓடுது' என்கிறோம். பலவின்பால் பேச்சில் மறைந்து, ஆங்கிலத்திலும் 'இட்' ஆகிவிடுகிறது.

2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாய் ஒன்று நின்றால் 'இட்'. இரண்டு நின்றால் 'தே'. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயத்தின் சாம்பல் நிற மலை அணில்கள் கூடு கட்டினால், அக்கூடுகள் 'தேர் நெஸ்ட்ஸ்'. (இது ஆண்டாள் கோயில் தேர் அன்று!)

சில இடங்களில் விழிப்பு வேண்டும். 'எ பாக்ஸ் ஆஃப் பால்ஸ்' என்பதில் தலைமைச் சொல் பெட்டி, ஆகவே 'இட்'. 'ஈச் ஆஃப் தி பால்ஸ்' என்றால் ஒவ்வொன்றும் தனித்தனி, அதுவும் 'இட்'. 'பிசிக்ஸ்' பன்மை போல ஒலித்தாலும் 'இட்'. கத்தரிக்கோல் நமக்கு ஒன்று. 'சிசர்ஸ்' ஆங்கிலத்தில் 'தே'.

பெட்டியில் ஒரே குண்டு இருந்தால்? பெட்டியும் ஒருமை, குண்டும் ஒருமை. 'இட்' இரண்டுக்கும் பொருந்தும். அப்போது இலக்கணம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. 'தி பால் வாஸ் வெய்டு' என்று பெயரையே மீண்டும் எழுதுங்கள். சோதனைக் குறிப்பில் கூறியது கூறல் குற்றம் ஆகாது; தெளிவின்மையே குற்றம்.

செய்து பாருங்கள்: உங்கள் சோதனைக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, ஒவ்வோர் 'இட்', 'தே' சொல்லிலிருந்தும் அது குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்பு எங்கே போவது என்று தயங்கினால், அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்.