கையெழுத்துப் போடும் முன்

அவிநாசிபாளையம்,
7.12.2025, ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்புச்சி எழுதுகிறேன். அம்மாயிக்கு முட்டி வலி இன்னும் விட்டபாடில்லை. நேற்று எஸ்.ஏ.டி. பரீட்சையை நல்லபடியாக எழுதினாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. அதே போனில் இன்னொன்றும் சொன்னாள். மாப்பிள்ளை பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து, உன் படிப்புக் கடனுக்கு ஈடு வைக்க ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறாராம். அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ அழுவாய், பேச வேண்டியது பேசாமலே போகும். அதனால் எழுதுகிறேன். ராத்திரியில் படிக்காதே. காலையில் எழுந்து, தெளிந்த மனதோடு படி.

நீ அமெரிக்கா போகக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. உன் அம்மாவை பிளஸ் டூவோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்தது நான் செய்த தப்பு. அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டம். அந்தத் தப்பை உன் விஷயத்தில் இன்னொரு தடவை செய்ய மாட்டேன். நீ போ. எப்படிப் போகிறாய் என்பதுதான் என் கவலை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்லூரிக் கடிதத்தைச் சுங்கத்தில் பிரிண்ட் எடுத்து வந்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்தேன். 31 வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமென்ட் பார்த்தவன், எனக்கு வேறு மாதிரிப் படிக்கத் தெரியாது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வருஷத்துக்கு 20,000 டாலர் ஸ்காலர்ஷிப் என்று போட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில்தான் மொத்தச் செலவு இருக்கிறது, 60,000 டாலர். மீதி 40,000 டாலரை யார் கட்டுவது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. டாலர் 90 ரூபாய் என்று போட்டால் வருஷத்துக்கு 36 லட்சம், நாலு வருஷத்துக்கு 1 கோடியே 44 லட்சம். விமான டிக்கெட் தனி. டாலரும் ஒரே இடத்தில் நிற்காது. 2008 ஆரம்பத்தில் அது 40 ரூபாய்க்குக் கீழே இருந்ததை என் கையாலேயே பேரேட்டில் எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை வேறு. உன் கிரேடு சராசரி 3.0க்குக் கீழே இறங்கினால் அந்த 20,000 டாலரும் நின்றுபோகும். இதை அந்த வெளிநாட்டுப் படிப்புக் கன்சல்டன்சிக்காரர் உங்களுக்குப் படித்துக் காட்டினாரா?

இதை ஸ்காலர்ஷிப் என்று சொல்லாதே, கண்ணு. இது தள்ளுபடி. ஆடித் தள்ளுபடியில் 60 ரூபாய்ச் சாமானை 40க்குத் தருகிறான் என்று சந்தோஷப்பட, கையில் அந்த 40 இருக்க வேண்டும். மாப்பிள்ளை கையில் அது இல்லை.

இவ்வளவு நாளாக நீ தேடியதை நானும் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் புரிந்தது இதுதான். அங்கே பெரிய கல்லூரிகளில் பணம் மதிப்பெண்ணுக்குக் கொடுப்பதில்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. எதிலும் மார்க்குக்கென்று ஒரு டாலர் கிடையாது. குடும்பத்தால் கட்ட முடியாத தொகை எவ்வளவோ அதைக் கல்லூரியே போடுகிறது. அதிலும் வெளிநாட்டுப் பிள்ளை பணம் கேட்கிறதா இல்லையா என்பதையே பார்க்காமல் இடம் கொடுத்து, பிறகு தேவை முழுவதையும் தருகிற கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. நான் சொன்ன நாலோடு ஆம்ஹர்ஸ்ட் உண்டு. டார்ட்மவுத்தும் போடனும் 2022ல் சேர்ந்தன, அப்புறம் பிரௌன். மற்றப் பெரும்பாலான இடங்களில் நீ கேட்கும் தொகையையும் தராசில் போட்டுத்தான் இடம் தருவார்கள். கார்னெலில் டாடா டிரஸ்ட் 2.5 கோடி டாலர் போட்டு இந்தியப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நிதி வைத்திருக்கிறது. ஒரே சமயத்தில் 20 பேர் அளவுக்குத்தான் அதில் படிக்கிறார்கள். கென்டக்கியில் பெரியா என்று ஒரு கல்லூரி, 1855ல் ஆரம்பித்தது. அங்கே யாருக்கும் படிப்புக் கட்டணமே இல்லை. பதிலுக்கு ஒவ்வொரு பிள்ளையும் வாரம் 10 மணி நேரமாவது கல்லூரிக்குள் வேலை செய்ய வேண்டும். எனக்கு மனசுக்குப் பிடித்தது அதுதான். நீ வேலைக்கு அஞ்சாதவள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். எல்.சி. வராமல் சரக்கைத் தூத்துக்குடிக்கு ஏற்றக் கூடாது. வாங்குகிறவனுடைய பேங்க், பணத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பதுதான் எல்.சி. தேவை முழுவதையும் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் கல்லூரி எல்.சி. திறந்த கல்லூரி. இந்த 20,000 டாலர்க் கடிதம், சரக்கை அனுப்பு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற கடிதம். அப்படி அனுப்பி நடுத்தெருவுக்கு வந்த கம்பெனிகளின் கணக்கை நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

கன்சல்டன்சிக்காரர், விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 வாங்க முதல் வருஷப் பணம் பேங்கில் இருப்பதாகக் காட்டினால் போதும், அந்த பேலன்ஸை நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றாராம். மாப்பிள்ளையும் தலையாட்டியிருக்கிறார். இது பொய்க்கணக்கு, சாமி. விசா ஆபீசில் ஒரு கேள்வியில் கிழிந்துபோகும். கிழியாவிட்டால் இன்னும் மோசம். பணம் இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் இல்லை என்று எந்த முகத்தோடு கேட்பாய்? சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பிறகு உதவி கிடையாது என்று பல கல்லூரிகள் சட்டமே வைத்திருக்கின்றன. பார்ட் டைம் வேலை பார்த்துக் கட்டலாம் என்றாராம். படிப்பு நடக்கும் நாளில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் கல்லூரி வளாகத்துக்குள். அந்தச் சம்பளம் கைச்செலவுக்கு ஆகும், 36 லட்சத்துக்கு ஆகுமா? முடித்ததும் அங்கேயே வேலை, இரண்டு வருஷத்தில் கடன் அடையும் என்றாராம். இந்த செப்டம்பரில் அங்கே வேலை பார்க்க வாங்கும் எச்-1பி விசாவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஒரே கையெழுத்தில் அறிவித்தார்கள். அதற்கு முந்தின மாதம் 27ஆம் தேதி நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினார்கள். உன் அப்பாவின் பவர்டேபிள் தையல் யூனிட்டில் 12 மிஷின் ஓடிய இடத்தில் இன்று எத்தனை ஓடுகிறது என்று உனக்கே தெரியும். அங்கே ஒருவர் பேனா எடுத்தால் இங்கே மிஷின் நிற்கிறது. அந்தப் பேனாவை நம்பி வீட்டை வைப்பதா?

வீடு என்று எழுதும்போதே கை நடுங்குகிறது. நம் மேல்காட்டு நிலம் கைவிட்டுப் போனது உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அப்போது 3 வயசு. உன் மாமன் சாயப்பட்டறையில் பங்கு சேரப் பத்திரம் கேட்டான். இரண்டே வருஷம் அப்பா, மீட்டுத் தருகிறேன் என்றான். அம்மாயி வேண்டாம் என்றாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவு வந்தது, எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளுக்குப் பூட்டு. கோர்ட் செய்தது சரி. நொய்யலில் ஓடியதும் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும் என்னவென்று பார்த்தவன் நான். ஆற்றைக் கெடுத்தால் பட்டறை நிற்கத்தான் வேண்டும். ஆனால் வட்டி நிற்கவில்லை, அம்மிணி. பட்டறை பூட்டிக் கிடந்த நாளுக்கும் வட்டி ஓடியது. கிணற்றோடு 3 ஏக்கர், என் அப்பாரு வெட்டிய கிணறு. கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று அம்மாயி என்னை ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். பதினாலு வருஷமாக அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அவள் ஜன்னலுக்கு மறுபக்கம் திரும்பிக்கொள்கிறாள். தப்பு உன் மாமன் மேல் மட்டும் இல்லை. நல்ல காரியம்தானே என்று நினைத்துப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்த என் மேல். உன் படிப்பும் நல்ல காரியம்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

வீட்டை வைக்காமல் போனவர்களும் உண்டு. அம்பேத்கர் 1913ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் போனது பரோடா மகாராஜா கொடுத்த உதவித்தொகையில். மூன்று வருஷத்துக்கு மாதம் பதினொன்றரை பவுன். திரும்பி வந்து 10 வருஷம் சமஸ்தானத்தில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஈடு வைத்தது தன் உழைப்பை, யாருடைய வீட்டையும் இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன் நம் ஈரோட்டுப் பக்கம் ஒரு விவசாயி மகள் சுமார் 3 கோடி ரூபாய் உதவியோடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியது பேப்பரில் வந்தது, அன்றைக்கு அதை வெட்டி உனக்குக் காட்டியது நான்தான். அந்தப் பிள்ளை பல வருஷம் அதற்கென்றே தயாரானது. அப்படிக் கிடைப்பதுதான் முழு உதவி.

ஆகவே முடிவு உன்னுடையது. நான் மூன்று வழியையும் சொல்லிவிடுகிறேன், நீயே யோசி. இந்தக் கடிதத்தை ஒப்புக்கொண்டு வீட்டை வைப்பது ஒன்று. அதைப் பற்றி எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இரண்டாவது, முழுத் தேவையையும் தருகிற கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பம் போடுவது. ஜனவரி முதல் வாரத்தில் பெரும்பாலானவை முடிகின்றன, இன்னும் நாலு வாரம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது, வெட்கப்படாமல் கேள். வருமானக் கணக்கை நானே எழுதித் தருகிறேன். பவர்டேபிளின் வரவு செலவை உள்ளது உள்ளபடி, ஆகஸ்டுக்கு முன், ஆகஸ்டுக்குப் பின் என்று பிரித்துக் காட்டலாம். ஒரு ரூபாய் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மார்ச் கடைசியில் பதில் வரும். வராமலும் போகலாம். உலகம் முழுவதும் கெட்டிக்காரப் பிள்ளைகள் போடுகிற இடம் அது.

வராவிட்டால் மூன்றாவது வழி. ஆறாம் வகுப்பிலிருந்து நீ அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் 2021லிருந்து அரசே கட்டுகிறது. கிண்டியோ கோவையோ, உன் மார்க்குக்கு நல்ல இடமே கிடைக்கும். இதுவும் முழு ஸ்காலர்ஷிப்தான், ஊர்ப் பேர் மட்டும் வேறு. அதை முடித்து, அமெரிக்காவில் பி.எச்.டி.க்குப் போட்டால், அறிவியலிலும் பொறியியலிலும் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் கொடுத்துத்தான் எடுக்கிறார்கள். 22 வயதில் போகலாம், அமெரிக்கா எங்கேயும் ஓடிவிடாது. கடன் இல்லாமல் போனால், பிடிக்காவிட்டால் திரும்பி வரவும் முடியும். அது எனக்குப் பெரிய விஷயம். கடனோடு போன பிள்ளையால் திரும்பி வர முடியாது.

விண்ணப்பத்துக்கென்று நீ எழுதி அனுப்பிய 650 வார்த்தைக் கட்டுரையையும் உன் அண்ணனை விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். உலகத்தை மாற்றுவேன் என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. ஏழாம் வகுப்பிலிருந்து சாயந்திரம் பவர்டேபிளில் உட்கார்ந்து பிசிர் வெட்டியதை எழுது. டிரிம்மர் பிடித்துக் கை காய்த்துப்போன தழும்பை எழுது. பீஸ் ரேட் நோட்டில் ஒரு அக்காவுக்கு 40 பீஸ் குறைத்து எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, உன் அப்பாவிடமே போய் நின்றாயே, அந்த சனிக்கிழமையை எழுது. அன்றைக்குச் சம்பளக் கவரை அவர் பிரித்துத் திருப்பி எண்ணிக் கொடுத்ததையும் எழுது. அந்த ஊர்க்காரர்களுக்கு உன்னைத் தெரிய வேண்டும் என்றால் அது ஒன்று போதும்.

ரொம்பச் சொல்லிவிட்டேன். கோபம் என்று நினைக்காதே, கண்ணு. உன்னைப் போல் ஒரு பிள்ளை நம் வீட்டில் இதுவரை பிறக்கவில்லை. அம்மாயி தினமும் கொண்டத்துக்காளியம்மனுக்கு உன் பேர் சொல்லித்தான் விளக்கு வைக்கிறாள். பரீட்சைக் கட்டணம், தபால், நாளைக்கு விசாக் கட்டணம், விமான டிக்கெட், ஸ்வெட்டர் எல்லாம் என் பொறுப்பு. அதற்கென்று தபால் ஆபீசில் போட்டு வைத்த பணம் இருக்கிறது, யாரிடமும் கேட்க வேண்டாம். நீ எந்த ஊரில் படித்தாலும் எள்ளுருண்டை வந்து சேரும். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவரும் உன் மேல் வைத்த ஆசையில்தான் பீரோவைத் திறந்தார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு. கல்லூரிக் கடிதத்தின் ஒரிஜினலையும் வீட்டுப் பத்திரத்தையும் கையோடு எடுத்து வா. பத்திரம் கொஞ்ச நாள் இங்கே என் பெட்டியில் இருக்கட்டும். அதுவரை யார் நீட்டினாலும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, சாமி.

இப்படிக்கு,
உன் அப்புச்சி