விசைத் தெளிப்பானில் தேங்கிய பழைய பெட்ரோலை வடித்தல்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டார உழவர்கள் பலர் பெட்ரோலில் இயங்கும் விசைத் தெளிப்பான்களையும் களையெடுக்கும் கருவிகளையும் பயன்படுத்துகின்றனர். பருவம் முடிந்ததும், மீதிப் பெட்ரோலுடனேயே கருவியை மூலையில் வைத்துவிடுவதுண்டு. அடுத்த பருவத்தில் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் கிளம்புவதில்லை.

கெடுவது ஏன்?

பெட்ரோலில் எளிதில் தீப்பற்றும் பகுதி முதலில் ஆவியாகிவிடும். எஞ்சியது காற்றுடன் சேர்ந்து பிசினாக மாறி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். மேலும், இந்தியாவில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் அளவு 2025-இல் எட்டப்பட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் அது எத்தனாலுடன் பிரிந்து அடியில் தங்கும்; இரும்பு டேங்க் துருப்பிடிக்கும்.

வடிக்கும் முறை

1. எஞ்சின் நன்கு ஆறிய பின், திறந்த வெளியில், அடுப்பு, பீடி, விளக்கு அருகில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடவும்.
2. பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றி, தரையில் வைத்த மூடியுள்ள தகர டின்னில் வடிக்கவும். வாயால் உறிஞ்சி எடுக்கக் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
3. கார்புரேட்டரில் அடித்திருகு இருந்தால் அதையும் தளர்த்தி வடிக்கவும்.
4. சிறிது புதுப் பெட்ரோலால் டேங்கை அலசி, அதையும் அதே டின்னில் சேர்க்கவும்.

கார் டேங்கில் பெட்ரோல் பழையதாகிவிட்டால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

வடித்ததை எங்கே விடுவது?

வரப்பிலோ கிணற்றோரத்திலோ ஊற்றவே கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் நம் பகுதி பட்ட பாடு நாம் அறிந்ததே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய முதற்கட்டக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ 35,000 எக்டர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாகக் கண்டறியப்பட்டதை, உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்டு 28 தீர்ப்பு எடுத்துக் கூறுகிறது. பாலாற்று மணற்பாங்கான நிலத்தில் ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும்.

பெட்ரோலில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் 1 விழுக்காடு வரை இருக்கலாம். ஒரு லிட்டரில் சுமார் 8 கிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அப்படியெனில் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுசெல்லப் போதுமானது!

வடித்ததைத் தண்ணீர் பாட்டிலில் வைக்காமல், டின்னில் இறுக மூடி, பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பருவம் முடிந்தவுடன், பெட்ரோல் கெடுவதற்கு முன்பே டேங்கை வடித்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டுக் கருவியை எடுத்து வைத்தால், பழுதுச் செலவு மிஞ்சும். கிணற்று நீரும் காக்கப்படும்.