சார்ட்டர் பள்ளி: ஆசிரியர் சங்கத் தலைவர் முன்வைத்த யோசனை

அமெரிக்காவில் அரசு நிதியில், தனி நிர்வாகத்தின் கீழ் இயங்குபவை சார்ட்டர் பள்ளிகள். இவை ஆசிரியர் சங்கங்களுக்கு எதிராகவே தோன்றியவை என நானும் எண்ணியிருந்தேன். ஆனால் 1988இல் இந்த யோசனையை நாடறியச் செய்தவர் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். ஆசிரியர்களே புதிய கற்பித்தல் முறைகளைச் சோதித்துப் பார்க்கும் களம் என்பதே அவர் நோக்கம். 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. பின்னர் பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகள் சங்கமின்றியே வளர்ந்தன, ஷாங்கரே விமர்சகரானார்.

கற்றல் அடைவு? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வில், கணிதத்தில் 17 விழுக்காட்டுப் பள்ளிகள் வழக்கமான அரசுப் பள்ளிகளை விஞ்சின. 37 விழுக்காடு பின்தங்கின. 2023 ஆய்வில் சார்ட்டர் மாணவர்கள் சராசரியில் சற்றே முந்தினர்.

பெயர்ப்பலகை மட்டும் கற்றலை மாற்றிவிடாது. எந்தப் புதிய திட்டம் வந்தாலும் ஷாங்கரின் நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்வோம்: வகுப்பறையில் முயன்று பார்க்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டா?