வாயில்லா நீர்நிலைக்காக வாதிடுவோம்

நகரம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? அகன்ற சாலைகள், வானளாவிய கட்டடங்கள், விரைந்தோடும் ஊர்திகள். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே அம்மண்ணில் குடியிருந்தவை ஏரியும், ஓடையும், சதுப்பும், அவற்றை நம்பி வாழ்ந்த உயிர்களும் ஆகும். நகரைத் திட்டமிடும்போது பொறியாளரைக் கேட்கிறோம், வணிகரைக் கேட்கிறோம். இந்தப் பழைய குடிகளைக் கேட்பவர் யார்?

நம் சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1920-களில் லாங் டேங்க் என்னும் நீண்ட ஏரியின் நிலத்தில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணோம். 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

சதுப்பு செய்யும் பணி

தென்சென்னையில் உள்ளது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். முன்னோர் இத்தகைய நிலத்தைக் 'கழுவெளி' என்றனர். சுற்றிலும் உள்ள ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து சேரும். கோரையும் நாணலும் நீரின் வேகத்தைத் தணித்து, அழுக்கை வடிகட்டும். ஒரு பகுதி நிலத்தில் ஊறும். எஞ்சியது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் அருகே கடலில் கலக்கும். பூநாரையும் கூழைக்கடாவும் இங்கே இரை தேடும். கூலி கேளாமல் இத்தனை பணி செய்யும் நிலத்தை, நெடுங்காலம் 'பயனற்ற நிலம்' என்றே கருதினோம். ஒருபுறம் குப்பை கொட்டினோம். மறுபுறம் கட்டடங்கள் எழுப்பினோம்.

2015 டிசம்பரில் பெருமழை பெய்தது. தண்ணீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சதுப்பு பேசிய மொழி அதுவே. அது பேசும்வரை நாம் காத்திருந்தது சரிதானா?

இழந்ததை மீட்கலாம்

மீட்க முடியும் என்பதற்குச் சான்றும் நம் ஊரிலேயே உண்டு. அடையாறு கழிமுகத்தை ஒட்டி, குப்பையும் இடிபாடுகளும் நிறைந்து கிடந்த 58 ஏக்கர் நிலத்தைத் தூய்மை செய்து, நீர் தேங்க வழி அமைத்து, மண்ணுக்குரிய செடிகளை நட்டனர். 2011-இல் அது தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பள்ளிக்கரணையும் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று, உலகச் சிறப்புடைய ஈரநிலம் என்னும் மதிப்பைப் பெற்றது.

யார் பேசுவது?

நியூசிலாந்து நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வாங்கனூயி ஆற்றைச் சட்டத்தின்முன் ஓர் 'ஆள்' என ஏற்றது. அதன் சார்பில் பேச இருவர் அமர்த்தப்படுகின்றனர். நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2022-இல், இயற்கை அன்னைக்கு உயிருள்ள ஆளுக்குரிய உரிமைகள் உண்டு என்று தீர்ப்பளித்தது. அவ்வாறாயின், நகரத் திட்டக் குழுவிலும் ஏரிக்காகவும் சதுப்புக்காகவும் பேச ஒருவருக்கு இருக்கை அளித்தால் என்ன? வரைபடத்தில் முதலில் நீரின் வழியைக் குறித்துவிட்டு, அதன்பின் சாலையையும் வீட்டையும் வரையட்டும்.

"மக்களுக்கு வீடு வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் உடைமையை இழப்பவர் தாழ்வான இடத்தில் வாழும் ஏழை மக்களே. நீருக்கு இடம் விடுவது அவர்களுடைய வீட்டைக் காப்பதும் ஆகும்.

அன்புத் தோழியரே! உங்கள் தெருவில் விழும் மழைநீர் எங்கே செல்கிறது என்று பெரியோரிடம் கேட்டறியுங்கள். மரத்தின் அடிவரை சிமெண்டு பூசுவதைத் தடுத்துச் சொல்லுங்கள். வாயில்லா உயிர்களுக்காக நாம் வாய் திறப்போம். நாளைய நகரை வரையும் கைகள் நம்முடையவையாகவும் இருக்கும் அன்றோ!

– பத்தாம் வகுப்பு மாணவி