சதவீதத்துக்கு வாசிக்கத் தெரியாது

ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி நேரடியாக வந்தவர்களும் உண்டு, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து பதவி உயர்வில் வந்தவர்களும் உண்டு. வட்டாரக் கல்வி அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே இரு தரப்பையும் கேட்பது ஒன்றுதான்: “உங்க ஒன்றியத்துக்கு அடைவுத் திட்டம் எங்கே?” அந்த நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில், புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல நினைப்பதை எண் போட்டு எழுதுகிறேன். வரிசைக்குப் பெரிய அர்த்தம் தேட வேண்டாம்.

1. திட்டம் எழுத உட்காரும் முன் பள்ளிகளுக்குப் போங்கள். கையில் ஒரே ஒரு தாள் போதும். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் நான்கு வரி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. பிரதம் அமைப்பு 2005 முதல் நாடெங்கும் வீடு வீடாகப் போய் நடத்தும் ‘அசர்’ ஆய்வின் கருவியும் இதுதான். பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணீரென்று பாடம் முழுவதையும் சொல்லிவிடும், நீங்களும் பார்வைப் பதிவேட்டில் ‘நன்று’ என்று எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள். அதே பக்கத்தில் நடுவிலுள்ள ஒரு சொல்லில் விரலை வைத்து “இது என்னம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்தச் சொல்லைத் தொட்டதும் சத்தமாகச் சொல்லும். அதற்குப் பாடம் தெரியும், வாசிக்கத் தெரியாது. இந்த வேறுபாட்டை எந்த மென்பொருளும் உங்களுக்குக் காட்டாது.

2. உங்களில் பலர் புதிய மாவட்டங்களுக்குப் போவீர்கள். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு பிரிந்தன. 2020-ல் மயிலாடுதுறை. மாவட்டம் பிரியும்போது கோப்பு பிரிகிறது, பணிப்பதிவேடு பிரிகிறது, பழைய தேர்ச்சிக் கணக்கும் பிரிகிறது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பெரிய ஊர்களும் அங்குள்ள பேர்போன பள்ளிகளும் தாய் மாவட்டத்திலேயே தங்கி, மலையோர ஒன்றியங்கள் மட்டும் பிரிந்து வந்தால் புதிய மாவட்டத்தின் சதவீதம் முதல் ஆண்டே கீழே கிடக்கும். அங்கே பாடம் நடத்தியவரும் மாறவில்லை, படித்த பிள்ளையும் மாறவில்லை. கூட்டல் வகுத்தல் மாறியதற்கு ஆசிரியருக்கு மெமோ கொடுப்பதில் நியாயமில்லை. எல்லை மாறிய இடத்தில் மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிடுவதை விடுங்கள். அதே பள்ளியை அதே பள்ளியோடு, மூன்று நான்கு ஆண்டுக்கு, ஒப்பிடுங்கள்.

நிர்வாகமும் சும்மா இருக்காது. 2018-ல் எல்லா அதிகாரமும் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் வந்தது. 2022-ல் தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலர் மறுபடி வந்தார். யாருக்கு அறிக்கை அனுப்புவது என்பது மாறும். நீங்கள் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது மாறவில்லை.

3. ஒன்றியத் திட்டம் என்று நாற்பது பக்கம் அச்சடிக்காதீர்கள். பள்ளிக்கு ஒரு தாள். அதில் நான்காம், ஐந்தாம் வகுப்பில் வாசிக்க முடியாத பிள்ளைகளின் பெயர், பக்கத்தில் காரணம், அதற்குப் பக்கத்தில் யார் என்ன செய்யப்போகிறார் என்பது. சதவீதத்தைப் பார்த்து யாரும் எதையும் செய்துவிட முடியாது. “ஐந்தாம் வகுப்பில் முப்பது சதவீதம் பின்தங்கியுள்ளனர்” என்றால் தலைமையாசிரியர் தலையாட்டுவார். “இந்த ஏழு பேர்” என்றால் அவர் கண் வகுப்பறைப் பக்கம் திரும்பும்.

4. காரணம் என்ற கட்டத்தில் ‘மெல்லக் கற்பவர்’ என்று எழுதி வந்தால் தாளைத் திருப்பி அனுப்புங்கள். அது காரணமே இல்லை.

உண்மையான காரணங்கள் சாதாரணமானவை. தை பிறந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விடுகிற பிள்ளை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசுகிற பிள்ளை. திருப்பூர்ப் பக்கமானால் இந்தியும் ஒடியாவும் பேசுகிற தொழிலாளியின் பிள்ளை. கரும்பலகை சரியாகத் தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே இரண்டு வருடம் எழுதிய பிள்ளை. காது மந்தமான பிள்ளை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் நின்றுவிடுகிற அக்கா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கண்ணாடி வேண்டிய பிள்ளைக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைத்து என்ன பயன்? வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார், பள்ளிச் சிறார் மருத்துவக் குழு வந்து போகிறது. அவர்களுடைய வருகைத் தேதியை உங்கள் தாளோடு சேர்த்துப் பாருங்கள்.

5. கணக்கில் விடையைத் திருத்துவதோடு நிற்காதீர்கள், வழியைக் கேளுங்கள். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு வகுப்பில் பாதிப் பேர் 35 என்று எழுதுவார்கள். சிவப்பு மையில் சுழித்துவிட்டு நகர்ந்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து “எப்படிடா போட்ட?” என்று கேட்டால், “ரெண்டுலேர்ந்து ஏழு போவாது சார், அதான் ஏழுலேர்ந்து ரெண்ட எடுத்தேன்” என்பான். அவனுக்குக் கழிக்கத் தெரிந்திருக்கிறது. பத்தை உடைத்து ஒன்றாக்கலாம் என்பதை யாரும் கையால் செய்து காட்டவில்லை. இரண்டு கட்டு தீக்குச்சியும் நான்கு நாளும் போதும். பாதி வகுப்பும் இதே தவறைச் செய்தால் அது பிள்ளைகளின் குறை என்று நான் ஒப்ப மாட்டேன். அந்தப் பாடவேளையில் ஆசிரியர் எங்கே அழைக்கப்பட்டார் என்று உங்கள் சுற்றறிக்கைக் கோப்பில் தேடிப் பாருங்கள்.

6. இருபத்தைந்து வருடச் சர்வீஸ் உள்ள ஓர் ஆசிரியை, நீங்கள் புதுத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது லேசாகச் சிரிப்பார். கோபப்படாதீர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலமெங்கும் வந்தபோது அவர் அட்டை அடுக்கியவர். சமச்சீர்ப் புத்தகம் பார்த்தார். 2012-ல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2018-ல் புதிய பாடநூல். கொரோனாவில் பள்ளி பூட்டி, ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும், அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். மேல் வகுப்புகளுக்கு இப்போது ‘திறன்’. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, கையேடு, பதிவேடு, பிறகு மௌனம்.

அவரிடம் புதுத் திட்டத்தை விற்க முயல்வது வீண். “டீச்சர், இத்தனை வந்ததுல எது பிள்ளைக்குப் பிடிச்சுது?” என்று கேளுங்கள். பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது என்பதுதான் அட்டைக்கும் அரும்புக்கும் பொதுவான விஷயம் என்று அவரே சொல்வார். பெயர் மாறலாம், பதிவேட்டின் நிறம் மாறலாம், அந்த ஒன்றை அவர் விடாமல் செய்ய வழிசெய்து கொடுப்பதே உங்கள் வேலை.

7. ஈராசிரியர் பள்ளியை மனத்தில் வைத்துத்தான் எந்தத் தேதியையும் குறியுங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்கு வந்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார். அவரையும் குறுவள மையப் பயிற்சிக்கு அழைத்தால் மாற்றுப்பணியில் யாரையாவது அனுப்ப வேண்டும், அப்போது அவருடைய பள்ளி காலியாகும். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள் என்கிறது. உங்கள் ஒன்றியத்தில் ஏதாவது ஓர் ஈராசிரியர் பள்ளியை எடுத்து, அதில் இரு ஆசிரியரும் வகுப்பில் இருந்த நாள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு, வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கக்கூடிய புள்ளிவிவரத்துக்குக் கூட்டம் போட உங்களுக்கு மனம் வராது.

8. ஜூனில் எழுதிய திட்டம் ஆகஸ்டில் உடையும். ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம், பிறகு உபரி, பணிநிரவல். இடையில் பொது மாறுதல் கலந்தாய்வு. சொந்த ஊர்ப்பக்கம் போக வேண்டும் என்று ஆசிரியர் விரும்புவது பாவமில்லை. எனவே பிள்ளையைப் பற்றிய செய்தி ஆசிரியரின் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது. மூன்றாவதில் சொன்ன தாள் பள்ளியில் தங்கட்டும். புதிதாக வருகிறவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கும் பொருள்களில், சாவிக்கொத்துக்கும் பீரோவுக்கும் அடுத்து, அந்தத் தாளும் ஒன்றாக இருக்கட்டும்.

9. மாலையில் தெருவில் பாடம் சொல்லிக்கொடுக்கிற தன்னார்வலரைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யைப் பற்றி ஆரம்பத்தில் அறிவுலகில் சந்தேகம் இருந்தது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கொரோனா கால இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால்பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கண்டது. அதே தெருப் பெண், பிள்ளையின் வீட்டை அறிந்தவர், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல். நாம் பெரிய பயிற்சிகளில் தேடுவது சில நேரம் இவ்வளவுதான். உங்கள் தாளிலுள்ள ஏழு பெயரில் நான்கு, பக்கத்திலுள்ள படித்த பெண்ணிடம் போய்ச் சேர வேண்டியதாக இருக்கலாம். கேட்டால் வருவார்கள். மரியாதையாகக் கேட்க வேண்டும்.

10. காலை உணவு நடக்கும் நேரத்தில் ஒருமுறையாவது பள்ளியில் இருங்கள். தட்டுகளை எண்ணினால் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்ததுபோல ஆகும்.

11. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கையெழுத்து வாங்குகிற குழுவாக்கி வைத்திருக்கிறோம். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் ‘கற்றல் விளைவுகள்’ என்று தலைமையாசிரியர் வாசித்தால் அம்மாக்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். அவரவர் பிள்ளையை அங்கேயே நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க முடியாத பிள்ளையைச் சபையில் நிறுத்தக் கூடாது. அதை அம்மாவிடம் தனியாக, வராந்தாவில், காட்டுங்கள். அதற்குப் பிறகு அவர் கேட்கும் கேள்விகள் எந்தப் பார்வையாளர் கேட்பதையும்விடக் கூர்மையானவை.

இது புதுசும் இல்லை. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அந்தந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊர் கூடிப் பட்டியல் போட்டது, ஊரிலேயே ஆள் ஏற்றுக்கொண்டார்கள், நாற்காலி முதல் சுற்றுச்சுவர் வரை வந்து சேர்ந்தன. அன்றைக்குப் பட்டியலில் பொருள் இருந்தது. இன்றைக்குக் கட்டடம் பெரும்பாலும் இருக்கிறது. பட்டியலில் ஏற வேண்டியவை பிள்ளைகளின் பெயர்கள்.

12. ஆய்வுக் கூட்டத்தில் குறைந்த எண் சொன்னவரை எழுப்பி நிறுத்தித் திட்டினால், அடுத்த மாதம் எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளையும் ‘மலர்’ நிலையில் இருப்பார்கள். ‘எமிஸ்’ தகவல் தளத்தில் பச்சை எரியும். நீங்கள் மேலே அனுப்புவீர்கள், மேலே இருப்பவர் அதற்கும் மேலே. உண்மையைச் சொன்னவருக்கு அடி விழுந்த ஒன்றியத்தில் பிறகு உண்மை கிடைக்காது. கூட்டத்தில் நான் கேட்கச் சொல்வது மூன்றே: போன மாதத் தாளிலிருந்து எந்தப் பெயர் நீங்கியது, எப்படி நீங்கியது, எந்தப் பெயர் இன்னும் நிற்கிறது, அதற்கு என்னிடமிருந்து என்ன வேண்டும். மூன்று என்றேன், நான்காகிவிட்டது. கடைசியை விடாதீர்கள்.

மேலிருந்து உங்களுக்கு விழும் அடியைக் கீழே கடத்தாமல் தாங்கிக்கொள்ளவும் கொஞ்சம் பழக வேண்டும். அந்தச் சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

13. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி உங்கள் கணக்கில் வராது, அது உயர்நிலைப் பள்ளிக்காரர் கவலை என்று நினைக்கலாம். அவரிடம் ஒன்பதாம் வகுப்பில் பெயர் எழுதத் தடுமாறும் பையன் உங்கள் ஒன்றியத்து ஐந்தாம் வகுப்பிலிருந்து போனவன்தான். ஏப்ரலில் மாற்றுச் சான்றிதழோடு வாசிப்பு நிலையையும் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பழங்குடியினர் நலத் துறை, ஆதிதிராவிடர் நலத் துறைப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கும் அனுப்புங்கள். துறை வேறு என்பது பிள்ளைக்குத் தெரியாது.

ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் உங்கள் அலுவலகத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் முடித்துச் சென்றவர்களின் பட்டியலை எடுத்து, எந்தெந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இன்னும் சேரவில்லை என்று எமிஸில் பாருங்கள். சில பெயர் நிற்கும். தலைமையாசிரியரைக் கேட்டால் “டி.சி. குடுத்தாச்சு சார்” என்பார். பதிவில் அப்பாவின் ஃபோன் எண் இருக்கும். எழுத்தரிடம் விடாமல் நீங்களே கூப்பிடுங்கள். எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தால் மறுநாள் காலை அந்த ஊருக்கு வண்டியை எடுங்கள், ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும், அதற்கப்புறம் பெரியவர்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.